வலிக்கு எத்தனை மார்க்

தள்ளி வைக்கிறேன், உட்காருங்கள் தம்பி. பயப்படாதீர்கள், பிரண்டைப் பொடிதான். இங்கே நர்ஸ் பெண்ணிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் இந்த டப்பாவை வெடிகுண்டைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். மூடியைத் திறந்து காட்டட்டுமா? வேண்டாமா? சரி.

உள்ளே இருப்பது உங்கள் அம்மாவா? எந்த முழங்கால்? இரண்டுமா! ஆபரேஷன் ஆகிவிட்டதா, இனிமேலா? இனிமேல்தானா? அப்படியென்றால் நீங்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது நல்லதாகப் போயிற்று. எனக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் என் மனைவி ஆவுடை பயிற்சி செய்துகொண்டிருக்கிறாள். இன்றைக்குக் கடைசி நாள். முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். ராஜபாளையத்திலிருந்து கார் பிடித்து வந்து வாசலில் நிறுத்தியிருக்கிறேன். இரண்டரை மாதமாக இங்கே மதுரையில் தங்கை வீட்டில் இருக்கிறாள். இன்றைக்கு வந்துவிடுவாள். வராமல் வேறு எங்கே போகப் போகிறாள்? ஆனால் அந்தத் தங்கைக்காரியும் ஒரு ஆட்டோவைக் கொண்டுவந்து என் காருக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறாள். அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அதோ, தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாளே, நீலச் சேலை, அவள்தான். காந்திமதி. என்னோடு பேசமாட்டாள்.

என் பெயர் சிதம்பரநாதன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்துநான்கு வருஷம் டெஸ்டிங் செக்‌ஷனில் இருந்தேன். பஞ்சு வந்து இறங்கினால் அதில் ஈரம் எவ்வளவு, இழை நீளம் எவ்வளவு. நூல் வந்தால் எத்தனை பாரத்துக்கு அறுகிறது. அளப்பது, எழுதுவது, கிராஃப் போடுவது. அதுதான் வேலை. நூல் பொய் சொல்லாது தம்பி. எத்தனை பாரம் தாங்குமோ அத்தனை தாங்கும், அதற்கு மேல் வைத்தால் அறுந்துவிடும். மனுஷர்கள் அப்படி இல்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

ஆவுடைக்கு முழங்கால் வலி வந்தது போன வருஷம் கார்த்திகையில். அவளைக் கேட்டால் அதற்கும் நாலு வருஷம் முன்னாலிருந்தே என்பாள். எனக்குத் தெரியவந்தது கார்த்திகையில். சொல்லாத வலியை நான் எப்படி எழுதுவது? சரி, ஊரிலேயே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார். எலும்புக்கு நடுவில் இருக்கிற மெத்தை தேய்ந்துபோயிற்று என்றார். நான் நேராகவே கேட்டேன். "டாக்டர், முடக்கத்தான், பிரண்டை, மஞ்சள், இதெல்லாம் சாப்பிடலாமா?" அவர் என்ன சொன்னார் தெரியுமா? "சாப்பிடலாம். சிலருக்கு வலி கொஞ்சம் குறையுது. ஆனா தேஞ்சது திரும்ப வளராது." சாப்பிடலாம் என்றாரா இல்லையா? டாக்டர் வாயாலேயே வந்துவிட்டது. அப்புறம் படி ஏறக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது, தொடைக்குப் பயிற்சி என்று நாலைந்து சொன்னார். எல்லா டாக்டரும் சொல்வதுதான். அதை நான் குறித்துக்கொள்ளவில்லை.

முதலில் பையன் ஓசூரிலிருந்து ஒரு டப்பா அனுப்பினான். மாத்திரை, ஆனால் முழுக்க முழுக்கத் தாவரம் என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. மஞ்சள் சாரம், குங்கிலியச் சாரம், மிளகுச் சாரம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, தண்ணீரோடு விழுங்க வேண்டியது. ஆவுடைக்கு அது பிடித்துப்போயிற்று. "இது நல்லாருக்குங்க, முழுங்குனாப் போதும்லா" என்றாள். என்ன பேச்சு பாருங்கள். மருந்து நல்லதா கெட்டதா என்பதற்கு, விழுங்கச் சுலபமா என்பதா அளவு? நான் பூதக்கண்ணாடி வைத்து லேபிளைப் படித்தேன். எந்தத் தோட்டத்து மஞ்சள், எப்போது பிடுங்கியது, எப்படி உலர்த்தியது, ஒன்றும் இல்லை. சோதித்துப் பார்க்க முடியாத சரக்கை நாங்கள் மில் வாசலுக்குள்ளேயே விடமாட்டோம். இருபது நாளில் நிறுத்திவிட்டேன். மிச்சத்தை எதிர்வீட்டு அம்மாளுக்குக் கொடுத்தாயிற்று. அவர்களுக்கு இப்போது தேவலையாம். அது வேறு உடம்பு.

நம் வீட்டிலேயே, நம் கண் முன்னாலேயே செய்வோம் என்று தீர்மானித்தேன். நானேதான் எல்லாம் செய்தேன் தம்பி. தை மாசத்திலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையடிவாரம் வரை போவேன். வேலியோரம் பிரண்டை படர்ந்து கிடக்கும். இளசாகப் பார்த்து அறுத்துச் சாக்கில் போட்டு வந்து அடுப்படி வாசலில் வைத்துவிடுவேன். அதோடு பாதி வேலை முடிந்த மாதிரிதான். மீதி என்ன? நாரை உரிக்கவேண்டும், கணுவைத் தள்ளவேண்டும், துண்டு போட்டு உப்பு மோரில் ஊறவைக்கவேண்டும். தரையில் உட்கார்ந்தால்தான் அதற்குத் தோது. முடக்கத்தான் என்றால் இன்னும் நுணுக்கம். இலை பொடிசு. கொடியிலிருந்து ஒன்றொன்றாக ஆயவேண்டும். அவளுக்குக் கை அரிக்கும். எண்ணெய் தடவிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். சரியாகத் தடவியிருக்கமாட்டாள்.

அப்புறம் உலர்த்துவது. வெயிலில் போட்டால் சத்து போய்விடும், நிழலில்தான் காயவேண்டும். எங்கள் வீடு மாடிவீடு. கீழே வாடகைக்கு ஒரு வாத்தியார் குடும்பம், மேலே நாங்கள், அதற்கும் மேலே மொட்டை மாடி. அதில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே கொண்டுபோய் வெள்ளை வேட்டியில் பரப்பவேண்டும், மத்தியானம் ஒரு தடவை புரட்டவேண்டும், சாயங்காலம் பனி இறங்குவதற்குள் அள்ளிவரவேண்டும். காற்றடித்தால் நடுவில் ஒரு தடவை போய்க் கல் வைத்துவிட்டு வரவேண்டும். நான் நாற்காலியில் இருந்தபடியே வேப்பமரத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். "ஆவுடை, காத்து வருது." அந்த விஷயத்தில் நான் ரொம்ப உஷார்.

அமுக்கராக் கிழங்கு இருக்கிறதே, அதைச் சும்மா பொடிக்கக்கூடாது. பால் ஆவியில் புட்டுமாதிரி அவித்து, மறுபடியும் உலர்த்தி, அப்புறம் அரைத்து, மெல்லிய துணியில் சலிக்கவேண்டும். ஒரு தடவை சலித்தால் திப்பி நிற்கும். மூன்று தடவை. இவ்வளவும் யாருக்காக? எனக்கா? என் வீட்டுக்காரியின் கால் நன்றாக இருக்கவேண்டும் என்றுதானே?

சிரிக்கிறீர்களா? இல்லையா? சரி, எனக்கு அப்படித் தோன்றியது.

முக்கியமானது இனிமேல்தான். இந்த நோட்டைப் பாருங்கள். தினமும் சாயங்காலம் காப்பி குடித்ததும் அவளைக் கேட்பேன். "வலிக்கு எத்தனை மார்க்?" பத்துக்கு. பத்து என்றால் தாங்கவே முடியாது, சைபர் என்றால் வலியே இல்லை. அவள் சொல்வாள், நான் எழுதுவேன், புள்ளி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போடுவேன். எந்த ஆஸ்பத்திரியில் இப்படிச் செய்கிறார்கள், சொல்லுங்கள். இங்கே பாருங்கள், மாசி. எட்டு, எட்டு, ஒன்பது. அப்போது முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் மட்டும்தான். குறையவில்லை. வாதநாராயணன் கீரையைச் சேர்த்தேன். பங்குனி. ஒன்பது, எட்டு, ஒன்பது. அமுக்கரா சேர்த்தேன். சித்திரை. ஒன்பது, ஒன்பது, ஒன்பதரை. அரை மார்க்கெல்லாம் சொன்னாள் பாருங்கள். முருங்கை இலைக் கஷாயம் சேர்த்தேன். ஏறிக்கொண்டே போகிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ராத்திரி தூக்கம் இல்லை. எந்தக் கலவையில் தப்பு? ஈரமா? அரைத்த பதமா? "நைசா அரைச்சியா?" என்று கேட்டால் "அரைச்சேன்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

வைகாசியில் ஒரு நாள் அவளை உட்காரவைத்து நோட்டைக் காட்டி விவரமாகச் சொன்னேன். எதையும் நான் ஒளிக்கவில்லை. "இங்க பாரு ஆவுடை, இதுக்கு ஒரு முறை இருக்கு. அஞ்சுக்கு மேல நீ மார்க் சொன்னா, மறுநாள் ஒரு மூலிகை கூடும். அஞ்சுக்குக் கீழ வந்தா ஒண்ணொண்ணாக் குறைப்பேன்."

"ரெண்டுன்னு வந்துட்டா?" என்று கேட்டாள்.

"பொடி மட்டும். வெந்நீர்ல ஒரு ஸ்பூன்."

"தோசை, துவையல், கஷாயம் எதுவும் வேண்டாமா?"

"ரெண்டு மார்க்குக்கு எதுக்கு அதெல்லாம்?"

"தினம் ஆய வேண்டாமா?"

"வேண்டாம்னு சொல்லுதேன்லா."

கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் நான் சொன்னதை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் நடந்ததை நீங்களே பாருங்கள். மறுநாள் ஏழு! அந்த வாரக் கடைசியில் ஆறு. ஆனியில் ஐந்து, நாலரை, நாலு. ஆடிப் பெருக்கு அன்றைக்கு இரண்டு. பார்த்தீர்களா இந்தக் கோடு எப்படி இறங்குகிறது என்று? மில்லில்கூட இப்படி ஒரு கிராஃப் நான் போட்டதில்லை. நோயாளிக்கு மருந்து என்ன, எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரியவைத்தால் பாதிக் குணம். அதுதான் நான் கற்றுக்கொண்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சொன்னபடி நடந்துகொண்டேன். தோசை, துவையல், கஷாயம் எல்லாம் நிறுத்தம், பொடி மட்டும். ரிட்டயர் ஆன மில் ஆட்கள் மாசம் ஒரு தடவை நூலகத்தில் கூடுவோம். அங்கே இந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டி முக்கால் மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். நாலு பேர் அங்கேயே பொடி கேட்டார்கள். வீட்டுக்கு வந்து ஆவுடையிடம் சந்தோஷமாகச் சொன்னேன். "நாலு பேரா?" என்றாள். "ஆமா, இப்போதைக்கு நாலு" என்றேன். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்திருக்கும். எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். மறுபடியும் சாக்கு, மோர், வேட்டி, சலிப்பு. ஆனால் மார்க் அப்படியே இரண்டில் நின்றது. பாருங்கள், ஆடிக் கடைசி, ஆவணி முதல் வாரம். இரண்டு, இரண்டு, இரண்டு. ஒரு நாள்கூடக் கூடவில்லை. ஐந்து பேருக்குப் பொடி செய்தும் கூடவில்லை. அதை யோசித்துப் பாருங்கள்.

உங்கள் அம்மாவுக்கு எத்தனை மார்க்? கேட்டதில்லையா? என்ன தம்பி நீங்கள்.

அந்தச் சமயத்தில்தான் இவள் வந்தாள், காந்திமதி. ஆவணியில் எங்கள் ஊரில் ஒரு கல்யாணம். முடித்துவிட்டு அக்காவைப் பார்க்க வந்தாள். அழைப்பு மணி அடித்தது. நான் மேலே நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன். "ஆவுடை, கதவு" என்றேன். அவள் மொட்டை மாடியில் இருந்தாள். அங்கிருந்து இறங்கி, வீட்டைக் கடந்து, தெருக்கதவைத் திறக்கப் போனாள். வெகுநேரம் ஆயிற்று. பேச்சுச் சத்தமே இல்லை. என்னடா என்று எட்டிப் பார்த்தால், அக்காவும் தங்கையும் மாடிப்படியின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கதவை வாத்தியார் சம்சாரம் திறந்துவிட்டிருக்கிறாள். காந்திமதி அழுதுகொண்டிருக்கிறாள்.

"என்ன, கல்யாண வீட்ல எதுவும் சண்டையா?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "அத்தான், அக்கா எத்தனை நாளா இப்படி உக்காந்து உக்காந்து இறங்குதா?"

அது ஒரு பழக்கம் தம்பி. ஒரு படியில் உட்கார்ந்து, காலை அடுத்த படிக்கு இறக்கி, நகர்ந்து அடுத்த படியில் உட்காருவாள். சித்திரையிலிருந்தே அப்படித்தான். பட்டுச்சேலையா கட்டியிருக்கிறாள் கசங்குவதற்கு? பாதுகாப்பாக இறங்குகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். ஏறும்போது நடந்துதான் ஏறுவாள், மெதுவாக. இதற்குப் போய் அழுவார்களா? நான் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு நாலைந்து படி இறங்கி அவளிடம் காட்டினேன். "ரெண்டு மார்க்குமா. ஒம்பதரையில இருந்து ரெண்டுக்குக் கொண்டாந்திருக்கேன்." பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆவுடையையே கேள் என்றேன். அவளோ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

காந்திமதி நோட்டை வாங்கிப் பார்த்தாள். "நல்ல கோடு அத்தான். இதை அப்படியே அடுப்புல வைங்க, நல்லா எரியும்" என்றாள். கொழுந்தியாள் முறை, கேலி பேசலாம், அதற்கென்று இப்படியா? அன்றைக்குச் சாயங்காலமே காரைப் பிடித்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "நாலு நாள் இருந்துட்டு வாரேங்க" என்றாள் ஆவுடை. கொட்டகையில் இரண்டு வேட்டி நிறைய முடக்கத்தான் கிடந்தது. நல்ல பதத்தில் இருந்தது. அதை யார் அள்ளுவது? ராத்திரி மழை பெய்து எல்லாம் கறுத்துப்போயிற்று.

நாலு நாள் பத்து நாளாயிற்று. புரட்டாசி பிறந்தது. ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போன். "ஏங்க, இன்னிக்குப் பத்து மணிக்கு எனக்கு ஆபரேஷன். கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க பதறாம சாப்பிட்டுட்டு வாங்க. குக்கர்ல மூணு விசில் விடுங்க, நாலு விட்டா குழைஞ்சிரும்." அவ்வளவுதான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மார்க் வலிக்கு யாராவது முழங்காலை அறுத்து இரும்பு வைப்பார்களா? நீங்களே சொல்லுங்கள், எந்த ஊரில் நடக்கும் இது? ஒன்பதரைக்கு அறுத்திருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன்.

ஓடிவந்தேன். பொடியோடுதான் வந்தேன். மறுநாள் வார்டில் ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் கலக்கினேன். நர்ஸ் பெண் பிடுங்காத குறைதான். "டாக்டரைக் கேக்காம எதையும் குடுக்கக்கூடாது சார். ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டிருக்கு. எந்த இலை அதோட என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். எனக்குத் தெரியாதா? இலை என்ன செய்யும் என்று ஏழு மாசம் எழுதி வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆவுடையைப் பார்த்தேன், "சொல்லேன்" என்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல இருந்தாள். தூங்கவில்லை. இமை ஆடியது.

கேளுங்கள், கேளுங்கள். உள்ளே கேட்கிறார்கள். இந்தத் திரை வெறும் துணிதான், எல்லாம் கேட்கும். அந்தப் பெண் ரிஸ்வானா, பயிற்சி கொடுக்கிற பெண். நல்ல பிள்ளை. அவளும் மார்க்தான் கேட்கிறாள் பாருங்கள்! "இன்னிக்கு வலி எத்தனைம்மா, பத்துக்கு?"

என்ன சொன்னாள்? இரண்டா? இரண்டு என்றுதானே சொன்னாள்? பார்த்தீர்களா! ஆபரேஷனுக்கு முன்னாலும் இரண்டு, பின்னாலும் இரண்டு. அப்படியென்றால் இரும்பு வைத்து என்ன லாபம்? இதைத்தான் நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். இந்தப் பக்கத்திலேயே குறித்துக்கொள்கிறேன். பேனா, பேனா எங்கே...

இப்போது என்ன சிரிப்பு உள்ளே? ரிஸ்வானா சிரிக்கிறாள். ஆவுடை ஏதோ சொன்னாள். உங்களுக்குச் சரியாகக் கேட்டதா? "இது நெசமான ரெண்டும்மா" என்றாளா? எனக்கும் அப்படித்தான் விழுந்தது.

நெசமான இரண்டு என்றால் என்ன அர்த்தம் தம்பி? இரண்டு என்றால் இரண்டு. அதில் நெசம் பொய் என்று உண்டா?

உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. போங்கள், அம்மாவைப் பாருங்கள். ஆவுடையும் எழுந்துவிட்டாள். நான் இங்கேதான் இருப்பேன்.

*

வந்துவிட்டீர்களா? அம்மாவுக்கு இன்னும் பத்து நிமிஷமா? உட்காருங்கள்.

போய்விட்டாள்.

ஆட்டோவில்தான். நீங்கள் உள்ளே இருந்தீர்கள், கேட்டிருக்கமாட்டீர்கள். திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு குச்சி, பெயருக்கு. நிமிர்ந்து வந்தாள் தம்பி. இவள் இவ்வளவு உயரமா என்று எனக்கு ஒரு கணம் ஆச்சரியமாக இருந்தது. கல்யாணத்தில் பார்த்த உயரம். நடுவில் எப்போது குறைந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"போலாமா? காரு வாசல்ல நிக்கி" என்றேன்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"அது இருக்கட்டும். உன் பையெல்லாம் எங்க? போற வழியில எடுத்துக்கிடுவோம்."

நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டை விரித்து ஆடிப் பெருக்கைக் காட்டினேன். "இது நீ சொன்ன ரெண்டா, இல்லையா? உன் வாயால சொன்னதுதானே? அப்போ எதுக்கு இந்த ஆபரேஷன்? நான் ஏழு மாசம் கிறுக்கனா?"

நோட்டை வாங்கிக்கொண்டாள். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நான் காட்டித்தான் பார்த்திருக்கிறாளே தவிர, அவளாகக் கையில் வாங்கிப் படித்தது கிடையாது. "கையெழுத்து அழகாருக்கு" என்றாள்.

"அதையா கேட்டேன்?"

"எத்தனை கிராம், எத்தனை நாள் காஞ்சது, எத்தனை தடவை சலிச்சது, எல்லாம் எழுதியிருக்கீங்க." விரலால் அந்த வரிகளைத் தடவினாள். "ஒண்ணு கேக்கேன். நம்ம வீட்டுக்கு எத்தனை படிங்க?"

"எந்தப் படி?"

"தெருவில இருந்து வீட்டுக்கு. வீட்டில இருந்து மொட்டை மாடிக்கு."

"இருக்கும், ஒரு முப்பது."

"இருக்குமா?" என்றாள். அங்கே தூணிலிருந்து காந்திமதி ஒரு சத்தம் போட்டாள், சிரிப்பா செருமலா தெரியவில்லை. "நீ சும்மா இரு காந்தி" என்று இவள் அதட்டினாள். எனக்காகத் தங்கையை அதட்டினாள். அதைப் பார்த்ததும் வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"கோவத்துல சொல்லலைங்க. கீழ வாத்தியார் தையில காலி பண்ணுதாருல்லா, அந்த வீட்டை வேற யாருக்கும் வாடகைக்குச் சொல்லிட்டீங்களா?"

"ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போயிருக்காரு."

"இல்லைன்னு சொல்லிருங்க. இன்னிக்குப் போயி முதல்ல படியை எண்ணுங்க. எண்ணிட்டு எனக்குப் போன் பண்ணுங்க. சரியாச் சொல்லிட்டீங்கன்னா, நான் வாரதைப் பத்திப் பேசுவோம்."

சொல்லிவிட்டு என் தோளில் கையை ஊன்றி எழுந்தாள். கனமாக ஊன்றவில்லை. குச்சியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

என்ன நியாயம் இது? படியை எண்ணுவதற்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஏனோ கேட்கவில்லை.

சரியாகச் சொன்னால் என்கிறாள். அப்படியென்றால் அவளுக்கு விடை தெரியும் என்றுதானே அர்த்தம்? மில்லில் ஒரு ஷெட்டுக்கு நூல் சுற்றுகிற கதிர் எத்தனை ஓடுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் தம்பி. அந்த வீட்டை நின்று கட்டினவன் நான். செங்கலுக்குத் தண்ணீர் ஊற்றினவன். தெருவிலிருந்து திருப்பம் வரைக்கும் ஒன்பது இருக்கும். இல்லை, பத்தோ? திருப்பத்துக்கு அப்புறம் ஒரு படி மட்டும் கொஞ்சம் உயரம் கூடுதல், கொத்தனார் செய்த தப்பு, அது ஞாபகம் இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போகிற படி... அதில் நான் ஏறியே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

அவள் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியும். கொத்தாக இலையை முந்தானையில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். ஒவ்வொரு படிக்கும் உதடு அசையும்.

சாமி பேர் சொல்லிக்கொண்டு ஏறுகிறாள் என்றுதான் தம்பி இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.